தேடிப் படிப்போம், தெளிந்து மதிப்பிடுவோம்
சிறு பதிப்பகப் புனைகதைகளும் நம் கடமையும்

உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட முனைந்தபோது அவருக்குத் துணைநின்றவர் வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின்னர் அப்பணி தடைப்படாமல் தொடரப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார் என இலக்கிய வரலாறு கூறும். ஏட்டுச் சுவடிகளில் இருந்த அக்காப்பியத்தை 1842ஆம் ஆண்டில் முதன்முதலில் அச்சேற்றியவர் 'புலவர் நாயகம்' எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். பாடிய புலவரும், பொருள் தந்த வள்ளலும், அச்சிட்ட ஆலிமும் ஒருங்கே அமைந்தமையால்தான் இன்று நாம் அந்நூலை வகுப்பறையில் விரித்து வைத்துப் பாடம் நடத்துகிறோம்.

இந்த வரலாற்றை நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். சொல்வது முறையே. ஆயினும் அதன் பின்னே ஒரு வினா எழுகின்றது. அன்று காப்பியத்திற்குக் கிடைத்த ஆதரவு இன்று நம் வாழ்வை எழுதும் நாவலுக்கும் சிறுகதைக்கும் கிடைக்கிறதா? நம்மிடையே தோன்றிய புனைகதைகளின் பெயர்களையேனும் நம் மாணவர்கள் அறிவார்களா? இவ்வினாவை நேர்நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் மறந்த முன்னோர்

தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கையில் 'அசன்பே சரித்திரம்' வெளியாயிற்று. எழுதியவர் வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியருமான சித்திலெப்பை. பின்னர் 1938இல் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்ல வாய்க்காத ஒரு பெண்மணி நாவல் எழுதி அச்சேற்றியது அக்காலத்தில் சிறிய செயலன்று.

இவ்விரு நூல்களின் பெயர்களும் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியாக நிற்கின்றன. தேர்வுக்காக அவ்வரியை மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். நூலைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலர். காரணம் வெளிப்படை. பெரிய நிறுவனங்களின் வாயிலாக வெளிவராத நூல் முதற்பதிப்போடு மறைந்துவிடுகிறது. மறுபதிப்புக் காணாத நூலை நூலகமும் வாங்க இயலாது. ஆசிரியரும் பரிந்துரைக்க இயலாது. யாரேனும் ஒருவர் தேடி எடுத்து, படித்து, இதனைப் படியுங்கள் என்று எழுதினாலன்றி அது மீண்டு வருவதில்லை.

சிறு பதிப்பகங்கள் செய்த பெரும்பணி

தமிழ்ப் புனைகதையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இன்று நாம் தரமான படைப்புகள் எனக் கொண்டாடும் பலவும் முதலில் சிறு பதிப்பகங்களின் வழியாகவே வந்தவை.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடைய 'வாடிவாசல்' எழுத்து பிரசுர வெளியீடாக வந்தது. நூற்கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று அவர் விற்றதைத் தமிழாசிரியர் உலகம் நன்கறியும். தம் முதிய வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998இல் அவர் மறைந்தார். 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்நூலுக்கு அளிக்கப்பெற்றபோது அதனைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

தலைவர் சத்தியமூர்த்தியின் மகளாரான லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1965இல் 'வாசகர் வட்டம்' தொடங்கினார். வாசகர்களை உறுப்பினராக்கி, அவர்களை நம்பியே நூல் வெளியிடும் முறை அது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', சா. கந்தசாமியின் 'சாயாவனம்' முதலியன அவ்வழியே வந்தன. 1974இல் தோன்றிய 'க்ரியா' சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை 1981இலும், இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளை 1994இலும் வெளியிட்டது. சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்திய 'அன்னம்', சிற்றிதழாகத் தோன்றிப் பதிப்பகமாக விரிந்த 'காலச்சுவடு', திருச்சிக்கு அருகே புத்தாநத்தம் என்னும் சிற்றூரிலிருந்து இயங்கும் 'அடையாளம்' என இப்பட்டியல் நீளும். நல்ல நூல் தலைநகரில்தான் பிறக்கும் என்னும் எண்ணத்தை இவற்றுள் சில பொய்யாக்கியுள்ளன.

இத்தகைய பதிப்பகங்களிடம் பெரும் முதல் இல்லை. விளம்பரம் செய்யும் வசதி இல்லை. முன்பெல்லாம் ஒரு நாவலின் முதற்பதிப்பு ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு படிகள் என்பது வழக்கம். வேண்டுமளவு மட்டும் அச்சிடும் தொழில்நுட்பம் வந்தபின் சில நூறு படிகளே அச்சிடுவது இயல்பாயிற்று. இதில் ஒரு நன்மையும் உண்டு. முந்நூறு படிகள் அச்சிடப்பெறும் ஒரு நாவலை ஒரு கல்லூரியில் முப்பது பேர் வாங்கினால், அப்பதிப்பில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. வாசகரின் கை இவ்வளவு வலிமை பெற்ற காலம் முன்பு இருந்ததில்லை.

தோப்பில் முஹம்மது மீரான் தரும் பாடம்

நம் சமுதாயத்தின் புனைகதையைப் பேசும்போது தோப்பில் முஹம்மது மீரானை விடுத்துப் பேசுதல் இயலாது. 1944இல் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த அவர் பயின்றது மலையாள வழிக் கல்வி. வாழ்ந்தது நெல்லையில் வற்றல் மிளகாய் வணிகம் செய்து. தமிழை முறையாகக் கற்க வாய்ப்பில்லாத ஒரு வணிகர் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூல் வடிவம் பெற்றது. பெரிய பதிப்பகம் எதுவும் அதனைத் தேடி வரவில்லை. படித்தவர் பிறருக்குச் சொல்ல, விமர்சகர்கள் எழுத, அந்நாவல் மெல்ல மெல்லத் தமிழுலகை எட்டியது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019இல் அவர் மறைந்தார்.

அந்தக் கடலோரக் கிராமத்தில் நடப்பது என்ன? ஆங்கிலப் பள்ளி ஒன்று ஊருக்குள் வர முயல்கிறது. ஊரை ஆட்டிவைக்கும் முதலாளியும் அவரைச் சார்ந்தவர்களும் மார்க்கத்தின் பெயரால் அதனைத் தடுக்கின்றனர். சுறாப்பீலி வணிகம் செய்யும் எளியவரான மஹ்மூது அஞ்சாமல் எதிர்த்து நிற்கிறார். நாவலின் நடுவே நிற்பது கல்வி பற்றிய வழக்கு.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் தோன்றின. இவை போன்ற நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய பெரியோர் கடந்து வந்த தயக்கங்களும் எதிர்ப்புகளும் எத்தகையன என்பதை மாணவர் உணர வேண்டுமானால், ஆண்டறிக்கைகள் போதா. அந்நாவலைப் படிக்க வேண்டும். நம் வகுப்பறைகள் எளிதில் கிடைத்தவை அல்ல என்பதை அது கதையாகக் காட்டுகிறது.

அவருக்குப் பின் வந்தோரும் பலர். துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. மீரான் மைதீனின் 'ஓதி எறியப்படாத முட்டைகள்', கீரனூர் ஜாகிர் ராஜாவின் 'மீன்காரத் தெரு', 'கருத்த லெப்பை', மதுரை அர்ஷியாவின் 'ஏழரைப் பங்காளி வகையறா' ஆகியன ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரின் பேச்சையும் வாழ்வையும் கொண்டு வந்தவை. நாஞ்சில் நாட்டு முஸ்லிமின் பேச்சும் மதுரை முஸ்லிமின் பேச்சும் ஒன்றல்ல. வாப்பா என்பாரும் அத்தா என்பாரும் தம்முள் வேறுபட்ட வாழ்க்கை மரபினர். 'தமிழ் முஸ்லிம்' என்று ஒற்றைச் சொல்லால் கடந்துபோகும் பன்மையை இந்நாவல்களே பதிவு செய்துள்ளன.

பெரியோர் எழுப்பும் தடை

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர் சிலர் எழுப்பும் தடையை மறைக்காமல் எடுத்துரைத்தல் நன்று. "இந்நூல்கள் நம் குறைகளையே காட்டுகின்றன. பிறர் படித்தால் நம்மைப் பற்றி என்ன எண்ணுவர்? ஏற்கெனவே நம்மைப் பழிப்போர் பலராக உள்ள காலத்தில் நம்மவரே இவ்வாறு எழுதலாமா?" என்பது அவர்கள் கேட்பது. இக்கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. ஊடகங்களில் நம்மைக் குறித்து வரும் சித்திரங்கள் பலவும் ஒருதலைப்பட்சமானவை. அதனால் மனம் நொந்தவர்கள் நம்மவரின் எழுத்தையும் ஐயத்தோடு நோக்குவது இயற்கையே.

எனினும் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுப் நபி அவர்களின் வரலாற்றைக் கூறுகிறது. அதில் உடன்பிறந்தாரின் பொறாமை மறைக்கப்படவில்லை. தந்தையிடம் அவர்கள் காட்டிய பொய்க்குருதி தோய்ந்த சட்டை மறைக்கப்படவில்லை. மாளிகையில் நேர்ந்த சோதனையும் குற்றமற்றவர் சிறைப்பட்ட கொடுமையும் மறைக்கப்படவில்லை. இறுதியில் மன்னிப்பு வருகிறது. நடந்த தீங்கு நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அம்மன்னிப்பின் பெருமை விளங்குகிறது. இறைவாக்கையும் மனிதக் கற்பனையையும் ஒப்பிடுவது நம் கருத்தன்று. நபிமார் குடும்பத்தில் நிகழ்ந்த பொறாமையையே நாம் ஓதிப் பாடம் பெறும்போது, ஒரு கிராமத்து முதலாளியின் கொடுமையைக் கதையில் படிக்க ஏன் அஞ்ச வேண்டும் என்பதே நாம் கேட்பது.

மேலும், நம் வாழ்வை நாம் எழுதாவிட்டால் அது எழுதப்படாமல் போய்விடாது. நம்மை அறியாதவர் எழுதுவர். வீட்டின் உட்புறம் அறிந்தவர் குறை சொல்லும்போது அதில் அன்பும் அக்கறையும் கலந்திருக்கும். வெளியில் நின்று பார்ப்பவருக்குச் சுவர் மட்டுமே தெரியும்.

அண்டை மாநிலத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். கர்நாடக மாநிலம் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக், முஸ்லிம் பெண்களின் வாழ்வைக் கன்னடத்தில் சிறுகதைகளாக எழுதி வந்தவர். பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும் உரிமையை ஆதரித்தமைக்காக 2000ஆம் ஆண்டில் சமூக விலக்குக்கும் ஆளானவர். தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்த அவருடைய 12 கதைகளின் தொகுதியான 'ஹார்ட் லாம்ப்' 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைத் தொகுதி ஒன்று இப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. அதனை வெளியிட்டது ஏதோ ஒரு பெருநிறுவனம் என்று எண்ண வேண்டா. சந்தா செலுத்தும் வாசகர்களின் ஆதரவையும் கொண்டு இயங்கும் 'அண்ட் அதர் ஸ்டோரீஸ்' என்னும் ஆங்கிலச் சிறு பதிப்பகமே அதனை வெளியிட்டது. நம் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1965இல் கைக்கொண்ட வாசகர் துணையோடு பதிப்பிக்கும் நெறியும் இதுவும் ஒரே இனத்தவை என்பதை எண்ணி மகிழலாம். அப்பரிசு அறிவிக்கப்பெற்றபின் அவரைப் பாராட்டியோர் பலர். பரிசு வருமுன்னரே படித்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

மதிப்புரை என்பது யாது?

தேடிப் படித்தல் ஒரு பாதி. படித்ததை மதிப்பிட்டு எழுதுதல் மறுபாதி. மதிப்புரையின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தது. அதன் தகுதியை எடுத்துரைத்த க.நா.சு. அதனை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். ஒரு விமர்சகரின் உழைப்பு ஒரு நாவலை மொழி கடக்கச் செய்தது.

ஆனால் இன்று மதிப்புரை என்னும் பெயரில் வருவன பலவும் மதிப்புரைகள் அல்ல. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தியபின் பேசும் வாழ்த்துரை ஒருவகை. நண்பர் நூலை நண்பர் புகழ்வது மற்றொரு வகை. இவற்றுக்கு எதிராக, நூலின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கண்டன உரை மூன்றாம் வகை. முழுமையும் படியாமல் புகழ்வதும் முழுமையும் படியாமல் பழிப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

தமிழ்த்துறையினராகிய நம்மிடமும் ஒரு பழக்கம் உண்டு. நாவலை எடுத்தவுடன் கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, உவமைகள், சமுதாயச் சிக்கல்கள், தொகுத்துரை என்று இயல் பிரித்துவிடுகிறோம். இளமுனைவர் ஆய்வேடுகள் பலவும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. எந்த நாவலை இட்டாலும் ஒரே வடிவில் வெளிவரும் அச்சு அது. அந்நாவலுக்கே உரிய தனித்தன்மை அதில் அகப்படுவதில்லை.

மதிப்புரை எழுத முனையும் மாணவர் பின்வரும் வினாக்களை முன்வைத்துக்கொள்வது பயன்தரும். இந்நூல் எதைப் புதிதாக அறிந்து சொல்கிறது? எதைக் காணத் தவறுகிறது? பாத்திரங்களின் பேச்சு அவ்வூர்ப் பேச்சாகவே ஒலிக்கிறதா? ஆசிரியர் தம் எதிர்த்தரப்பு மாந்தருக்கும் நியாயம் வழங்கியுள்ளாரா? இதே பொருளைப் பேசும் முந்தைய நூலினின்று இது எங்கே விலகுகிறது? இவ்வினாக்களுக்கு நூலிலிருந்தே சான்று காட்டி விடை எழுதினால் அது மதிப்புரையாகும். கதையின் முடிவை வெளிப்படுத்த வேண்டிய தேவையும் இராது.

நம்மவர் நூல் என்பதற்காகச் சலுகை காட்டவும் வேண்டா. சிறு பதிப்பக நூல்களில் ஒற்றுப்பிழைகள் மலிந்திருப்பதுண்டு. செம்மையாக்கம் செய்யாமையால் கதை தளர்ந்து போவதுண்டு. அரபுச் சொற்களும் வட்டார வழக்குகளும் விளக்கமின்றி நின்று பிற வாசகரைத் திகைக்கச் செய்வதுண்டு. அவற்றைச் சுட்டுவது பகைமை ஆகாது. அடுத்த பதிப்பு செம்மையுற அது வழிவகுக்கும். சிறு பதிப்பகத்திற்கு நாம் செய்யத்தக்க உதவிகளுள் நேர்மையான மதிப்புரையும் ஒன்று.

நாம் செய்யக் கூடுவன

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அமைதியுறுதல் முறையன்று. ஒரு கல்லூரித் தமிழ்த்துறை தன் அளவில் செய்யக்கூடியன சில உள.

முதலாவது, நூலகத்தில் ஓர் அடுக்கு. சித்திலெப்பை தொடங்கி இன்றுவரை தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் எழுதிய நாவல்களும் சிறுகதைகளும் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பதிப்பில் இல்லாதவற்றைப் பழைய புத்தகக் கடைகளிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா போன்ற இடங்களிலும் தேடலாம். ஊர்ப் பெரியோர் வீட்டுப் பரண்களிலும் அரிய நூல்கள் உறங்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கு விடாமல் கல்லூரிக்கு அளித்தால் அது நிலைத்த அறமாகும்.

இரண்டாவது, பருவந்தோறும் ஒரு நூல். பாடத்திட்டத்தில் இல்லாத, சிறு பதிப்பகம் ஒன்று வெளியிட்ட நாவலை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து படித்து விவாதித்தல் வேண்டும். அவற்றுள் சிறந்த இரு மதிப்புரைகளைத் துறை மலரில் வெளியிடலாம். நம் மாணவியர் வீட்டுப் பெண்களின் பேச்சை நன்கறிந்தவர்கள். சல்மாவின் நாவலைக் குறித்து அவர்கள் எழுதும் மதிப்புரையில் பேராசிரியர்களுக்கு எட்டாத நுட்பங்கள் இருக்கும்.

மூன்றாவது, சொற்பட்டியல். இந்நாவல்களில் வரும் உணவு, சடங்கு, உறவு, தொழில் பற்றிய சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுவது சிறந்ததொரு மாணவர் பணி. பல சொற்கள் பாட்டிமாரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்களோடு அவை மறைந்துவிடாமல் காக்கும் வாய்ப்பு இத்தலைமுறைக்கே உண்டு.

நான்காவது, விலை கொடுத்து வாங்குதல். நூலின் மின்படியைக் கைப்பேசிகளில் இலவசமாகப் பரப்புவதைப் பலர் அறப்பணி என்றே எண்ணுகின்றனர். முந்நூறு படிகள் அச்சிட்ட பதிப்பாளருக்கு அது முதலிழப்பு, எழுத்தாளருக்கு உழைப்பிழப்பு. பிறர் உடைமையைப் பேணுதல் குறித்து நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. வாங்க இயலாத மாணவர்க்காகவே நூலகம் உள்ளது. இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது 1948இல் நம் சென்னை மாகாணமே. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். இன்ன நூல் வேண்டும் என்று கிளை நூலகத்தில் எழுதிக் கேட்கும் உரிமையை நாம் பயன்படுத்த வேண்டும்.

நிறைவாக

திருமணங்களுக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் நாம் செலவிடும் தொகையில் ஒரு சிறு துளி இருந்தால் ஒரு நாவலை மறுபதிப்புச் செய்துவிடலாம். சீதக்காதியின் வழித்தோன்றல்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்வதற்கு நாம் தர வேண்டிய விலை அவ்வளவே. மாணவர்கள் பெரிய வள்ளல்களாக வேண்டுவதில்லை. ஒரு நூலை வாங்கி, முழுதும் படித்து, நேர்மையாக ஒரு பக்கம் எழுதினால் போதும். நம் மறைநூலில் முதன்முதலாக இறங்கிய கட்டளையே ஓதுதல் பற்றியதன்றோ! இத்துறையின் அடுத்த மலரில் அத்தகைய பக்கங்கள் பத்தேனும் இடம்பெறுமாயின், இம்மலரில் நாம் எழுதிய இவ்வரிகள் பயன் பெற்றனவாகும். இன்ஷா அல்லாஹ், அது கைகூடும்.